கிர்ஷ் போத்தலில் மல்லித்தண்ணி

என் மாமா பெருங்குடிகாரர் என்று ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. நான் படித்த பள்ளிக்கூடம்தான். மாமாவோ வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. பிறந்தநாள் கேக்கைக்கூட மணந்து பார்த்து, ரம் வாசம் அடித்தால் தட்டோடு தள்ளி வைத்துவிடுகிற மனிதர். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லத்தான் போகிறேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசி. ஆராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அப்பாவுக்கு ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே நிமிர நேரம் இருக்காது. அம்மாவின் கையில் ஆறு மாதத் தம்பி. அம்மாவின் கூடப்பிறந்தவரான மாமா ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் வந்து எங்களோடு சேர்ந்திருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்குத் தலைநகர் பேர்னிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவர் தபால்பெட்டியைத் திறக்கக் கீழே இறங்கினால், திரும்பி வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஜெர்மன் சரளமாகக் கதைக்கிற ஒரே ஆள் நான்தான். அந்தத் தலைக்கனமும் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

மாமா ஊரில், யாழ்ப்பாணத்தில், உதைபந்து ஆடியவர். இங்கே அவருக்குக் கிடைத்த ஒரே ஆட்டக்காரி நான். இந்த நாட்டில் எதற்குக் குறைவிருந்தாலும் விதிகளுக்குக் குறைவில்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை பந்து உதைக்கக்கூடாது. ஞாயிறு முழுக்க உதைக்கக்கூடாது. உடுப்புக் காயப்போடுகிற கம்பங்களுக்கு நடுவே ஒருநாளும் உதைக்கக்கூடாது. நாங்கள் அந்தக் கம்பங்களுக்கு நடுவேதான் உதைத்தோம். இரண்டாம் மாடிக் கிழவி யன்னலைத் திறந்தால் மாமா பந்தை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, வானத்தைப் பார்க்கிறவர் மாதிரி நிற்பார்.

“அடிக்கப்போற மூலையைப் பாக்காதை பிள்ளை. கோலிக்கு நீயே காட்டிக்குடுத்துப்போடுவாய்” என்பார். கோலி என்றால் கோல் காக்கிறவர். அந்த ஒரு பாடத்தை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டதால்தான் தேர்வானேன். எங்கள் ஊர் அணியின் ஆட்டத்தில், இடைவேளையின்போது, பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் ஆளுக்கொரு பெனால்டி அடிக்கலாம். கோலில் நிற்கப்போவது அணியின் உண்மையான இரண்டாவது கோலி. ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். ஒருத்திதான் கறுத்தத் தலைமயிர்க்காரி. வகுப்பில் இரண்டு பையன்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும், பந்து வலைக்குள் போகிறபோது பார்ப்பார்கள் என்று இருந்தேன். ஆளுக்கு இரண்டு சீட்டுத் தந்தார்கள். பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும் என்பது நிபந்தனை. பத்து நாள் நான் நித்திரையிலும் காலை உதறினேன் என்று அம்மா சொன்னார்.

அந்த ஞாயிறு காலையில் பனி கொட்டியிருந்தது. அம்மா எனக்கு இரண்டு சோடி காலுறை, மூன்று சுவெட்டர் எல்லாம் மாட்டிவிட்டார். கையை மடக்க முடியவில்லை. அதுவும் போதாது என்று மல்லியும் இஞ்சியும் மிளகும் போட்டு ஒரு கேத்தல் நிறைய மல்லித்தண்ணி அவித்தார்.

“ரெண்டு மணித்தியாலம் பனிக்குள்ள நிக்கப்போறியள். சளி பிடிச்சா ஆர் பாக்கிறது, நானோ?”

வீட்டிலிருந்த ஒரே சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கை அப்பா வேலைக்குக் கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் போத்தலுக்கு என்று சொந்தப் பெயர் கிடையாது. சாராயப் போத்தலில் நல்லெண்ணெய் இருக்கும், மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் அதன் பெயர். அப்பா உணவகத்திலிருந்து கொண்டு வந்த வெறும் போத்தல்களில் அம்மாவுக்குப் பிடித்தது பச்சைக் கண்ணாடியில் ஒன்று. தடித்த கண்ணாடி, இறுக்கமான மூடி, முன்னால் இரண்டு செர்ரிப் பழங்களின் படம். கிர்ஷ் என்கிற பழச்சாராயம் இருந்த போத்தல் அது. படம் வடிவாக இருக்கிறது என்று அம்மா அதைச் சுரண்டாமல் விட்டிருந்தார். அதில் மல்லித்தண்ணியை ஊற்றி, அப்பாவின் கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் இறக்கி, பையில் வைத்து மாமாவிடம் கொடுத்தார். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மைதான வாசலில் ஒரு பலகை. போத்தல், குடை, தடி, வெடி என்று படம் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. ஐரோப்பாவில் எங்கெங்கோ மைதானங்களில் கலவரம் நடந்ததாம். அதற்காக எங்கள் ஊரில், ஆயிரம் பேர்கூட வராத ஆட்டத்துக்கு, மஞ்சள் கைப்பட்டி கட்டிய ஒருவர் நின்று பைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற மூதாட்டியின் குடையைப் பறித்தார். ஒரு குழந்தையின் கொடியிலிருந்து தடியை உருவிக்கொண்டு துணியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஆட்டத்தில் ஆட்டிச் சத்தம் போடுவதற்கு, மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி, ஐந்து பேருக்குச் சோறு வடிக்கலாம், அவ்வளவு பெரியது, அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். “வா, வா” என்று கைப்பட்டிக்காரர் அவருடைய முதுகில் தட்டினார். அந்த மணியால் ஒருத்தரின் தலையில் போட்டால் என்ன ஆகும்? அதற்குப் படம் இல்லையே!

எங்கள் முறை வந்தது. கைப்பட்டிக்காரர் காலுறையை உருவிப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். செர்ரிப் படத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அனுமதியில்லை, பெட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போங்கள் என்றார். மாமா உடனே தலையாட்டி, போத்தலைப் பெட்டியில் வைத்தார். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு அடி வைத்திருந்தால் நாங்கள் உள்ளே.

நான்தான் விடவில்லை.

“ஆட்டம் முடிய அதைத் திருப்பித் தருவீர்களா?” என்று கேட்டேன். “குப்பைக்குப் போகும்” என்றார். அது என் அம்மாவுடைய போத்தல்! அந்த நேரம் பார்த்து, இன்னும் வாசலிலேயே நின்ற மணிக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து வெள்ளித் தட்டையான குப்பி ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரு மிடறு இழுத்தார். கைப்பட்டிக்காரருக்கும் நீட்டினார். அவரும் வாங்கிக் குடித்தார்! எனக்குக் கண்மண் தெரியவில்லை. “அவர் சாராயம் கொண்டு போகிறார்! எங்களுடையது வெறும் மூலிகைத் தண்ணீர்! இது அநியாயம்!” என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்களுக்குப் பின்னால் என் வகுப்புப் பையன் ஒருவனும் அவனுடைய தாயும் நின்றார்கள்.

கொஞ்சம் தள்ளி நாயோடு நின்ற பொலிஸ்காரர் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அமைதியாகத்தான் கேட்டார். போத்தலைக் காட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சைகை செய்து, “குடித்திருக்கிறீர்களா?” என்றார். நான் வாயைத் திறக்கமுதல் மாமாவின் உடம்பில் ஏதோ நடந்தது. தோள் தொங்கியது. கண் பாதி மூடியது. நேராக நின்ற மனிதர் ஒருபக்கம் சாய்ந்து, திரும்ப மறுபக்கம் சாய்ந்தார்.

“யா, யா” என்றார், நாக்குக் குழற. “ஷ்னாப்ஸ். நிறைய ஷ்னாப்ஸ்.”

ஷ்னாப்ஸ் என்றால் சாராயம்! “இல்லை, பொய் சொல்கிறார், மணந்து பாருங்கள்!” என்று பொலிஸ்காரரிடம் ஜெர்மனில் சொன்னேன். பிறகு மாமாவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

“மாமா, உண்மையைச் சொல்லுங்கோ! மல்லித்தண்ணி எண்டு சொல்லுங்கோ!”

மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். கையுறைக்குள் விரல் நொந்தது. முகத்தில் மட்டும் அசட்டுச் சிரிப்பு. பொலிஸ்காரர் பெருமூச்சு விட்டு, குடித்தவரை உள்ளே விட முடியாது, வீட்டுக்குப் போய்ப் படுங்கள், அதுவும் ஒரு பிள்ளையோடு வந்து இப்படியா என்றார். என்னை மட்டுமாவது விடுங்கள், என் ஆசிரியை உள்ளே நிற்கிறார், நான் பெனால்டி அடிக்க வேண்டும் என்று கெஞ்சினேன். பெரியவர் இல்லாமல் பிள்ளைக்கு அனுமதியில்லை என்று கைப்பட்டிக்காரர் பலகையில் படங்களுக்குக் கீழே இருந்த வரியைக் காட்டினார். காட்டிவிட்டுப் பெட்டியிலிருந்த போத்தலை எடுத்துத் திறந்து பனியில் கவிழ்த்தார். ஆவி எழும்பியது. இஞ்சியும் மல்லியுமாக அந்த இடமே மணத்தது. அவருக்கு மூக்கு இல்லையா? இருந்தது, பனியில் சிவந்துபோய், இந்த அளவில் இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மனிதர்!

பையனின் தாய் அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமா தள்ளாடித் தள்ளாடி வீதி வளைவு வரை நடந்தார். வளைவு திரும்பியதும் நிமிர்ந்தார். நடை சீரானது.

“கெதியா நட பிள்ளை” என்றார். நான் அழுதுகொண்டே, இனி உங்களோடு கதைக்கமாட்டேன் என்று சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

எங்கள் பல்கனியிலிருந்து மைதானத்துச் சத்தம் கேட்கும். இடைவேளையில் நான் அங்கே போய் நின்றேன். கூட்டம் “ஓ” என்று எழும்புவது நாலு தரம் கேட்டது. ஐந்தாவது என்னுடையது.

உள்ளே வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். மாமாவுக்கு நல்ல கிழி விழும் என்று காத்திருந்தேன். அம்மா மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, பேர் விலாசம் ஏதும் எழுதினவங்களோ?”

“இல்லை அக்கா.”

அம்மா எழும்பிப் போய் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். பக்கத்திலேயே இருந்து மீன்குழம்பும் விட்டார். இதென்ன நியாயம்? பொய் சொன்னவருக்கு மீன்குழம்பு, உண்மையைச் சொன்ன எனக்கு, “போய் முகத்தைக் கழுவு!”

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாமா எனக்கும் ஊற்றிக் கொடுக்கிறாரா என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் கொடுத்த அடிக்கு வகுப்பு மூலையில் நிற்க வேண்டியிருந்தது. ஆசிரியை மிகவும் பரிவாக, குடிப்பழக்கத்திலிருந்து விடுபடுவது எப்படி என்ற சின்னப் புத்தகம் ஒன்றை மடித்து என்னிடம் தந்துவிட்டார். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜெர்மன் படிக்க உதவும் என்று ஒரு மாதம் எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் அவரோடு கதைக்கவில்லை. வேலை முடிந்து வந்து, பந்தோடு கம்பங்களுக்கு நடுவே தனியாக நின்று எங்கள் யன்னலைப் பார்ப்பார். நான் திரைச்சீலையை இழுத்து விடுவேன். பேர்னிலிருந்து அவருக்கு நல்ல கடிதம் வந்த நாளில்தான் வாய் திறந்தேன். அதுவும் அம்மா கிள்ளியதால்.

இருபத்தைந்து வயதில் ஒரு குடும்ப விருந்தில் இந்தக் கதையை மாமாவின் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டினேன். தோளைத் தொங்கப்போட்டு, நாக்கைக் குழறி, “யா, யா, ஷ்னாப்ஸ்!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?” என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னார். ஊரில் இருந்த காலத்தில் மாமாவும் அவரோடு பந்தடிக்கிற நாலு பேரும் வெளியூரில் ஒரு ஆட்டம் முடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்களாம். பக்கத்தில் இருந்த வயதான குடிகாரர் ஒருவர் நித்திரை தூங்கி, தன் சாராயத்தை மாமாவின் சேர்ட்டில் கொட்டிவிட்டார். அதற்காக அவரைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார் மாமா. வழியில் ஆமிக்காரர் மறித்து, பொடியன்களை மட்டும் இறக்கி வரிசையில் விட்டார்கள். இயக்கத்தில் இருக்கிற பொடியன்கள் குடிக்கமாட்டார்கள் என்று ஆமிக்கு ஒரு எண்ணம். அதனால் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள், குடிக்கிறனியா என்று. மாமா ஓம் என்றார். நல்லாக் குடிப்பேன் என்று ஆடிக் காட்டினார். சேர்ட்டை மணந்து பார்த்து, முதுகில் ஒரு உதை போட்டு, ஓடு என்று விரட்டிவிட்டார்கள்.

“மற்றப் பொடியள்?” என்று கேட்டேன்.

அம்மா அடுப்பை அணைத்தார்.

“அவங்கள் நாலு பேரும் உண்மையைச் சொன்னவங்கள், பிள்ளை.”