சித்தப்பாவின் தாடை

மூலக்குளத்தில் என் சின்ன பல் கிளினிக்கில் இன்றும் கண்ணாடிப் பலகையில் அந்த வெள்ளைப் பொடியைக் கொட்டி, திரவம் விட்டுக் குழைக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்கும். முதன்முதலில் நான் அதைக் குழைத்தது என் சித்தப்பாவுக்காக. கல்லூரியில் பயிற்சி மருத்துவனாக இருந்த வருடம் அது. அவருடைய கீழ்த்தாடைக்குள் ஒரு நீர்க்கட்டி சத்தமில்லாமல் எலும்பைத் தின்று பள்ளமாக்கியிருந்தது. பேராசிரியர் கட்டியை எடுத்துவிட்டு, நான் குழைத்துக் கொடுத்த எலும்புச் சிமெண்டால் பள்ளத்தை நிரப்பினார். எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் அது. உடம்பு அதை அந்நியமென்று தள்ளாது. சீக்கிரம் இறுகிவிடும். ஆனால் அந்த இடத்தில் சொந்த எலும்பு வளர மாதக்கணக்காகும். அதற்குள் கிருமி புகுந்தால் அத்தனையும் சுரண்டி எடுக்க வேண்டும். அழுத்திக் கடித்தால் மெலிந்த தாடை உடைந்தாலும் உடையும்.

புண் மூடி வரும்போது ஆடி பிறந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயில் செடல் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வதாகச் சித்தப்பா வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் படித்த முதல் ஆள் நான். நான் டாக்டராக வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

“உள்ள கெட்டியாயிடுச்சின்னு நீதானடா சொன்ன?”

“கெட்டியாயிடுச்சி சித்தப்பா, இன்னும் எலும்பாவல. வாய்க்குள்ள வேல் போனா கிருமியும் போவும்.”

“அம்மன் வேலுல கிருமியா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க.”

அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடும்போது ‘கடக்’கென்று கேட்டால், அப்பளம்தான் என்று தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் தாங்க முடியாமல் சொன்னேன்: “எனக்காகத்தான வேண்டுனீங்க? நானே குத்திக்கிறேன்.”

“நீயா? காது குத்தறப்ப மூணு பேரு புடிச்சம்டா உன்ன!” என்று சிரித்தவர், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “வாணாம்டா. உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

நான் விடவில்லை. அவருக்குப் பதில் நான் குத்திக்கொள்ளப் பூசாரியும் ஒத்துக்கொண்டார். அலகு வேலைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் என்றபோது மட்டும், “அம்மனுக்கே ஆஸ்பத்திரியா?” என்று முறைத்துவிட்டுக் கொடுத்தார்.

செடலன்று பம்பைச் சத்தத்தில் சித்தப்பா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “பாத்துய்யா, புள்ள மொகம்யா அது” என்று பூசாரியிடம் கெஞ்சினார். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவந்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே சித்தப்பா பயத்தில் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு நின்றார். தாடையோரத்தில் தசை கல்லாகப் புடைத்திருந்தது.

கடிக்காதீங்க என்று கத்த நினைத்தேன். வேல் குத்திய வாயில் வார்த்தை வரவில்லை. கையை நீட்டி அவர் கன்னத்தில் வைத்தேன். அம்மனே தொட்டதாக நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். சுற்றியிருந்தவர்களும் கும்பிட்டார்கள். அந்தத் தசை இளகுவதை உள்ளங்கையில் உணரும்வரை நான் கையை எடுக்கவில்லை.