மஞ்சள் கவுனில் இரண்டு மடிப்பு

எடமலைப்பட்டி புதூரில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் அனுசுயாவைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். மே மாதம் வந்துவிட்டால் அவள் தையல் கடை வாசலில் செருப்புக் கழற்றிவிட இடம் இருக்காது. பள்ளிக்கூட யூனிபாரம் தவிர வேறு எதையும் அவள் தொடுவதில்லை. ஜாக்கெட் தைத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், அதற்கெல்லாம் தில்லை நகரில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று மரியாதையாகவே அனுப்பி வைப்பாள். அந்த மரியாதைக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், கைவேலை தெரிந்தவளுக்குக் கர்வம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அவள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு என்பார்கள். ஊருக்கே தெரிந்த விஷயத்தை ரகசியம் என்று எப்படிச் சொல்வது? துணியை உள்ளே விட்டுத் தைப்பாள், அவ்வளவுதான். பாவாடையின் கீழ்விளிம்பில் ஒன்றுக்கு இரண்டாக மடிப்பு வைப்பாள். பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணி ஒளிந்திருக்கும். பிள்ளை வளர வளர அம்மாக்காரி தையலைப் பிரித்து இறக்கிவிட வேண்டியதுதான். இறக்கிய இடத்தில் மட்டும் வெயில் படாத புதுநிறத்தில் ஒரு பட்டை தெரியும். மத்தியப் பேருந்து நிலையத்தில் எங்கேயாவது அப்படிப் பட்டை தெரியும் பாவாடையைப் பார்த்தால் அனுசுயாவுக்கு முகம் மலர்ந்துவிடும். நம் கைத் துணி இரண்டாம் வருஷம் ஓடுகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அப்பா செத்துப்போன பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், தங்கை மணிமேகலையைப் படிக்க வைத்ததும், தில்லை நகர் நவநீதனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அந்த மெஷின்தான். தங்கை ஊசியை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவாள். வீட்டுக்கு ஒரு தையல்காரி போதும், நீ புத்தகத்தை எடு என்பாள். தனக்கு வந்த வரன்களைத் தட்டிக் கழித்தே தலை நரைத்துவிட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

மணிமேகலைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் வயிற்றில் தங்கியது. பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. அனுசுயாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுச் சர்க்கரை கொடுத்தாள். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. பெயர் வைக்கும் நாளில் குழந்தைக்கு முதல் புதுத்துணி தாய்மாமன் சீராக வர வேண்டும். காதுகுத்துக்கும் மாமன் எடுத்த துணியைத்தான் உடுத்துவார்கள், மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். இந்த வீட்டில் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. மாமன் இடத்தில் நிற்க அனுசுயாவை விட்டால் யார்? அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. துணியைத் தைத்துவிட்டால் அந்த இடம் தானாகத் தனக்கு வந்துவிடும் என்று நம்பினாள்.

பிறப்பதற்கு முன் பிள்ளைத் துணியில் கத்தரி வைக்கக் கூடாது என்று அவள் கட்டுப்பாடாக இருந்தாள். அதுவரைக்கும் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மெத்தென்று வைத்திருந்தாள். குழந்தை பிறந்து தொப்புள்கொடி விழுந்த பிறகுதான் மாம்பழ மஞ்சளில் பருத்தித் துணி வாங்கி வந்தாள். ஆறு வயசுப் பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். நடக்கத் தெரியாத ஆளுக்கு அவள் தைத்ததே இல்லை. இருந்தாலும் கை சும்மா இருக்குமா, பழகிய வேலையைப் பழகியபடியே செய்தது. தோளில் முடிச்சுப் போட நாடா, மார்பில் பிளீட், பக்கத்தில் உள்துணி, கீழே இரண்டு மடிப்பு. சீர்த்துணியை முன்கூட்டிப் போட்டுப் பார்த்தால் பழசாகிவிடும் என்று போட்டும் பார்க்கவில்லை.

பெயர் வைப்பதை நவநீதன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் கவுனைப் போட்டதும் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பாலுக்கு அழுகிறது என்றார்கள், தூக்கத்துக்கு அழுகிறது என்றார்கள். நவநீதனின் அம்மா வெள்ளையம்மாள்தான் கவுனைக் கழற்றிப் பார்த்தார். இளம் உடம்பில் விலாவோரம் சிவந்து தடித்திருந்தது. உள்ளே விட்ட துணியும் மடிப்பும் கட்டை கட்டையாக உறுத்தியிருக்கின்றன.

"இது பச்சப்புள்ளைக்குத் தைச்சதா, பள்ளிக்கூடத்துக்குத் தைச்சதாம்மா?" என்றார் வெள்ளையம்மாள்.

அவர் குத்திக்காட்டவில்லை, பதறிப்போய்க் கேட்டார். ஆனால் சுற்றி இருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கடையில் வாங்கிய வெள்ளை கவுனைப் போட்டதும் குழந்தை அடங்கிவிட்டது. கனிஷ்கா என்று பெயர் வைத்தார்கள். அனுசுயா பாயசத்தைத் தொடாமல் ஓரமாக நின்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்புப் போட்ட கை, சொந்த ரத்தத்தைச் சிவக்க வைத்துவிட்டதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கவுனைக் கேட்டு வாங்கி வரக்கூட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு தில்லை நகருக்குப் போவது குறைந்தது. கேட்டால் கடையில் வேலை என்பாள். தீபாவளிக்குக் குழந்தைக்குத் துணியெடுக்கப் பணத்தைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு வந்தாள். கடையில் உள்ளே துணி விடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு மடிப்பையும் தைத்து முடித்தபின் உள்பக்கத்தைத் தன் முழங்கையில் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் புதிதாக வந்தது.

வருஷம் திரும்பப் போகிறபோது, சமயபுரத்தில் மொட்டையும் காதுகுத்தும் என்று மணிமேகலை போன் செய்தாள். அனுசுயா உடனே மணப்பாறையிலிருக்கும் பெரியப்பா மகன் அழகர்சாமியைக் கூப்பிட்டாள். மாமனாக நீதான் உட்கார வேண்டும், துணியையும் நல்ல கடையாகப் பார்த்து நீயே எடுத்து வா என்று சொல்லிவிட்டாள். மணிமேகலையிடம் இதைச் சொன்னபோது அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அனுசுயா சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். மொட்டையடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அழகர்சாமி சரிகையும் மணியும் வைத்த ரோஸ் கவுனைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினான். பார்வைக்குக் குறையே இல்லை. அனுசுயா கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றுகொண்டாள்.

மணிமேகலை தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் பையைத் திறந்து வேறொரு துணியை எடுத்து உதறினாள். மாம்பழ மஞ்சள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, நீங்க கொண்டாந்ததைச் சாயங்காலம் வீட்டுல விசேஷத்துக்குப் போடுறேன். என் பொண்ணுக்கு மாமன் கவுன் இதுதான்" என்றாள்.

அழகர்சாமி கோபப்படுகிற ஆள் இல்லை. கடைக்காரன் காட்டியதை எடுத்து வந்தேன், எனக்கென்ன தெரியும் என்று சிரித்துவிட்டு நகர்ந்து நின்றான்.  அனுசுயாவுக்குத்தான் போன வருஷத்து அழுகை காதில் கேட்டது. வேண்டாம் என்று சொல்லப்போனவள், கவுன் குழந்தையின் தலை வழியாக இறங்குவதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

பொருத்தமென்றால் அப்படிப் பொருத்தம். மார்பின் பிளீட் விரிந்து கொடுத்திருந்தது. பக்கத் துணி பிரிந்து இடம் விட்டிருந்தது. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் புதுமஞ்சளாக ஒரு பட்டை தெரிந்தது. குழந்தை தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்தது.

வெள்ளையம்மாள் அனுசுயாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "வாங்கின கவுனெல்லாம் ரெண்டு மாசத்துல சின்னதாயிடுச்சு. அதையெல்லாம் கேட்டவங்களுக்குக் குடுத்துட்டோம். இது ஒண்ணுதான் புள்ள கூடவே வளந்திருக்கு. அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதம்மா."

 அனுசுயா குனிந்து கவுனின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்து இறக்கிய இடத்தில் மறுபடி கைத்தையல் போட்டிருந்தது. அதைத் தையல் என்று சொல்வதே பாவம். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, நடுவில் நூல் முடிச்சு வேறு. அவள் கடையில் யாராவது அப்படித் தைத்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பாள்.

"யாருடி இதைத் தைச்சது?"

"நான்தான்க்கா. நீ எங்க சொல்லிக்குடுத்த? விரலெல்லாம் குத்திக்கிட்டு ஒரு வாரம் தைச்சேன்" என்றாள் மணிமேகலை.

சமயபுரத்துக் கூட்டத்துக்கு நடுவே அனுசுயாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. அவமானம் என்று தான் ஒதுக்கிவிட்ட துணியை, ஊசி பிடிக்கத் தெரியாத தங்கை ஒரு வருஷம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து தன் கையாலேயே பிரித்துத் தைத்திருக்கிறாள். எத்தனை கோணல் இருந்தால்தான் என்ன, ஊரில் எந்த யூனிபாரத்தைப் பார்த்தும் அவளுக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

காது குத்தும் ஆசாரி அவசரப்பட்டார். அவருக்கு இன்னும் வரிசையில் பிள்ளைகள் இருந்தார்கள். தாய்மாமன் யாருங்க, வந்து உட்காருங்க என்று குரல் கொடுத்தார். அழகர்சாமி அசையவில்லை. வெள்ளையம்மாள் குழந்தையைத் தூக்கி அனுசுயாவிடம் நீட்டினார்.

"உக்காரும்மா. மாமன் நீதான்."

ஆசாரி ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கம்பியைக் கையில் எடுத்தார். அனுசுயா சப்பணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். முதல் காதுக்குக் கனிஷ்கா ஊரைக் கூட்டினாள். இரண்டாவது காதுக்குப் பெரியம்மாவின் தோளைக் கடித்துவிட்டாள். வாழைப்பழம் வாய்க்குள் போனதும் அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

அதுவரை அனுசுயாவின் விரல்கள் கவுனின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தன. பழக்கத்தில் அவை துணியை நிமிண்டிப் பார்த்தன. மணிமேகலை ஒரு மடிப்பைத்தான் பிரித்திருந்தாள். இன்னொன்று அப்படியே இருந்தது.

"அடுத்த வருஷமும் போடலாம்" என்றாள் அனுசுயா, கூட்டத்துக்கே கேட்கும்படி.