வாலை நறுக்கிய ரீஃபில்

என் கணவருக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை கிடைத்தபோது நான் வாங்கித் தந்த ரோலர் பேனா மை தீர்ந்து கிடந்தது. பெண்ணாடத்தில் அவர் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு நாங்கள் கிளம்பும் முன், அவருக்குத் தெரியாமல் விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு ரீஃபில் வாங்கி வந்தேன். அது சற்று நீளமாக இருந்தது. சாதாரண பால்பாயிண்ட் ரீஃபிலை நறுக்குவதுபோல அதன் வாலையும் பிளேடால் நறுக்கினேன். விரலில் மை ஒட்டியது. துடைத்துவிட்டு, பேனாவை அவர் சட்டைப்பையில் செருகினேன்.

மாப்பிள்ளை வீட்டார் முன்னால், அவருடைய வெள்ளைச் சட்டையில் நீலம் பரவியது. நாத்தனார் பதறி ஓடிவந்தார்.

"நாந்தான் மூடிய சரியா போடல" என்று இவர் சிரித்துச் சமாளித்தார்.

வீடு திரும்பியதும் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். நறுக்குன துண்ட காலையிலயே அடுப்படியில பாத்தேன்."

"அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போனீங்க?"

"நீ போட்டுக் குடுத்ததாச்சே."

ரோலர் ரீஃபிலில் மை தண்ணீர்போல இருக்கும், நறுக்கினால் ஒழுகும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் பேனாவையும் பழைய ரீஃபிலையும் கடைக்கே கொண்டுபோய், நீளமும் தடிமனும் ஒத்துப்பார்த்து, போட்டு எழுதிய பிறகே வாங்குகிறேன். நான் எதைக் கொடுத்தாலும் நெஞ்சோடு செருகிக்கொள்ளும் மனுஷர். பார்த்து வாங்க வேண்டியது நான்தானே.