ஒன்பது கதைகளில் கொடுக்காத பொட்டலம்

காலை ஆறரை. நாகர்கோவிலில் ரயில் ஏறியதுமே ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்தான், ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினைந்து வருடமாகக் கதை எழுதுகிறேன். அதைப் பற்றிப் பேச ஒருவர் என்னைக் கூப்பிட்டிருப்பது இதுதான் முதல் தடவை!

பையில் என் புத்தகம், இரண்டு பக்கப் பேச்சு, ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்து திருவனந்தபுரத்தில் கரமனையில் இருக்கும் தங்கை மல்லிகாவுக்கு. அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, அப்பாவோடு சேர்ந்து நானும் முறுக்கிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். ஏழு வருடம் ஆகிறது. அதன்பின் நான்கு தடவை இதே பலகாரத்தோடு அவள் வீட்டு கேட் வரை போய், மணியடிக்காமல் திரும்பியிருக்கிறேன். திரும்பும் வழியில், பாறசாலை ஸ்டேஷன் வரும்போது பொட்டலத்தைப் பிரித்து நானே தின்றுவிடுவேன். வெட்கக்கேடு, யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது மணிக்குத் தம்பானூர், அதுதான் திருவனந்தபுரம் ஸ்டேஷன். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சாயா குடித்துவிட்டுக் கழக்கூட்டம் பஸ் பிடித்தேன். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். நெரிசலில் நின்றுகொண்டே என் பேச்சை இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன்.

பத்தேகால். மூன்றாவது மாடியில், என்னைக் கூப்பிட்டிருந்த சுபாவின் வாடகை வீடு. சாஃப்ட்வேர் வேலை செய்யும் பெண், வாசகர் கூட்டம் அவள் வீட்டு ஹாலில்தான். எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சேச்சி, இங்க எழுதினவங்க கடைசிலதான் பேசணும், கேட்டோ. முதல்ல சுவத்தப் பாருங்க."

சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள். ஆபீஸ் பழக்கம். என் கதை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, அதில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் எழுதி ஒட்டுவார்களாம். படித்தேன். அல்வா, வீட்டுக்கே திரும்பி வந்தது. பிச்சிப்பூ, பஸ்ஸில் வாடியது. சேலை, பெட்டியோடு பீரோவுக்குள் போனது.

"பதினொண்ணுல ஒம்பது கதையில கொண்டு போனதக் குடுக்கல," என்றார் முருகன். தென்காசிக்காரர், ஓட்டலில் தோசை மாஸ்டர். "மசாலாவானாலும் நெய் ரோஸ்ட்டானாலும் என் கை சுத்துத சுத்து ஒண்ணுதான். ஒங்க கை இங்கனதான் சுத்துது. ஒரு கதையிலயாவது அதக் குடுத்திருக்கலாம்லா?"

எனக்குக் காது சுட்டது. இதைத்தான் என் உத்தி என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்! பிடிபட்டுவிட்டேன், ஆனால் அதில் எனக்கு இத்தனை சந்தோஷம் ஏன் என்று தெரியவில்லை. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சுபா துள்ளி எழுந்தாள். "அய்யோ சேச்சி, பின்ன இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? போங்க!"

என் பேச்சு அதோடு முடிந்தது. முருகன் கீழே ஓடிப்போய் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசிவிட்டு வந்தார்.

பன்னிரண்டே கால், கரமனை. "வெயிட் பண்ணணுமோ சேச்சி?" என்றார் டிரைவர். நான்கு தடவையும் இதற்கு ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

"வேண்டாம். நீங்க கிளம்புங்க."

ஆட்டோ முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மணியை அடித்தேன்.

மல்லிகா கதவைத் திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"ஒன் கதையெல்லாம் வாசிச்சேன்க்கா," என்றாள். "ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருத. இந்தா, அதக் குடு மொதல்ல."

இருவரும் அழுதோம். அப்புறம் அவளுடைய மீன்குழம்பில் உப்பு தூக்கல் என்று நான் சொல்லப்போக, வந்த அன்றைக்கேவா என்று சண்டைக்கு வந்தாள்.

மாலை ஐந்து மணி ரயிலில் ஊர் திரும்பினேன். பாறசாலை வந்ததும் கை பழக்கத்தில் பையைத் துழாவியது. காலி. சத்தமாகச் சிரித்துவிட்டேன், எதிரே இருந்தவர் தூக்கம் கலைந்து முறைத்தார். இனி எதை வைத்துக் கதை எழுதுவேனோ தெரியாது. அடுத்த ஞாயிறு மல்லிகா நாகர்கோவில் வருகிறாள், அவள் மணியடிக்கும் முன்னாலேயே கதவைத் திறந்து வைக்க வேண்டும்.