கையைப் பார்த்த கண்

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஊர் முசரவாக்கத்தில் யார் முதலில் சொன்னார்களோ, அவர்கள் வாயில் மண் விழ. சித்திரை வெயிலில், கதவைச் சாத்திய அறையில், நாக்கு அண்ணத்தில் ஒட்டக் கிடந்தேன். “பச்ச ஒடம்புமா, தண்ணி குடிச்சா வவுறு ஊதிக்கும்” என்று அம்மா வாய் நனைய ஒரு மடக்கு வெந்நீர்தான் கொடுப்பாள். என்மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, ஒரு காலையில் மண்டை பிளக்கிற வலி. பால் கொடுக்கலாம் என்று குழந்தையை எடுக்கப் போனேன். இடது கை வரவில்லை. காலும் வரவில்லை.

கிழவர்களுக்கு வருகிற வாதம் இருபது வயதுக்காரிக்கு வந்துவிட்டதென்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ரத்தம் உறைந்து மூளையில் அடைத்துக்கொண்டது, தண்ணீர் கொடுக்காமல் போட்டதும் ஒரு காரணம் என்றார் டாக்டர். அம்மா அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசினாள். எனக்குக் கையும் காலும் விழுந்ததே தவிர வாய் விழவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

காஞ்சிபுரத்தில் புகுந்த வீட்டுக்கு என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் கூடத்தில் தறி போட்டிருந்தார்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்குக் குழந்தை இல்லை. என் பால் வற்றிப்போயிருந்தது. அக்காதான் பசும்பால் காய்ச்சிப் புகட்டினாள், குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள். என் மகள் இரண்டு முழத் தூரத்தில் இன்னொருத்தி இடுப்பில் வளர்ந்தாள். எனக்கு நெஞ்சு எரியும். அக்காவைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா கறாரான ஆள். “காலைச் சேத்து வெச்சி, கண்ண மூடிக்கிட்டு ஆடாம நில்லுமா. நின்னுட்டா கொழந்தையத் தூக்கலாம்” என்றார். அவ்வளவுதானே என்று கண்ணை மூடினேன். மூடியதும் தரை எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பிடித்திருக்காவிட்டால் பல் போயிருக்கும்.

அதிலிருந்து அதுதான் எனக்கு வேலை. வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பேன். முதலில் எதிர்வீட்டுக் குழாய் வரைக்கும், அப்புறம் மூலைக் கடை, அப்புறம் கோயில் மதில். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கூடவே வரும். சாயங்காலம் சுவர் மூலையில் நின்று கண்ணை மூடுவேன். அக்கா குழந்தையோடு எதிரில் நிற்பாள்.

“கொழந்தைய கீழ வுட்டுட்டு நில்லுக்கா. நான் வுழுந்தா எப்டி புடிப்ப?”

“அத ஒரு கையில புடிப்பேன், ஒன்ன ஒரு கையில புடிப்பேன். வாய மூடிக்கினு நில்லுடி.”

கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஆடாமல் நின்றேன். பயிற்சி அம்மா விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி இடது கையில் பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார், உள்ளங்கையில் சாவியை வைத்தார். “எப்பங்க தொடுவீங்க?” என்று கேட்டேன். தொட்டாகிவிட்டது என்றார். கைக்குப் பலம் வந்திருந்தது, உணர்ச்சி வரவில்லை. “தூக்கு. ஆனா கண்ணு கைமேலேயே இருக்கணும். பார்வைய எடுத்தா கை தன்னால விட்டுடும், ஒனக்குத் தெரியாது” என்றார்.

அவர் சொன்னது நிஜம்தான். அன்றே வீட்டில், தறிக்கான பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தபோது, இடது கை விரலிடுக்கில் ஓடிய இழை எப்போதோ அறுந்திருக்கிறது. நான் வெறும் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தறியிலிருந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே, நான் வலது கையால் சுவரைப் பிடித்து நிற்க, அக்கா குழந்தையை என் இடது கையில் வைத்தாள். எத்தனை மாத ஏக்கம். நான் குழந்தையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் துணியைப் பிடித்திருக்கிறதா, மணிக்கட்டு சாய்கிறதா என்று பார்த்தேன். குழந்தை என் கண்ணைத் தேடி முகத்தைத் தூக்கியது ஓரப் பார்வையில் தெரிந்தது. கொஞ்ச நேரம் தேடியது. பிறகு அக்கா பக்கம் திரும்பிச் சிரித்தது. சிரித்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

மகள் இடுப்பைவிட்டு இறங்குகிற வரைக்கும் இதே கதைதான். நடக்க ஆரம்பித்த பிறகும் தெருவில் அவள் என் இடது கையைப் பிடிப்பாள், என் வலது கைக்குச் சுவர் வேண்டும். பிடித்திருக்கிறாளா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பேன்.

அவளுக்கு நாலு வயசிருக்கும். வைகாசியில் கருடசேவை. விடிந்தும் விடியாமலும் அப்படியொரு கூட்டம். ஒரு கடை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியின் குடை தெரிந்தது, எல்லோரும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள், நான் மட்டும் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மா, அந்தக் கையக் குடு. கம்பத்த வுட்டுட்டு என்னப் புடிச்சிக்கோ. நீ சாமியப் பாரு” என்றாள்.

சுற்றி வந்து வலது கையைப் பிடித்தாள். கம்பத்தை விட்டேன். கால் கொஞ்சம் ஆடி நின்றது. சின்ன விரல், வியர்வை, சூடு எல்லாம் தெரிந்தது. நான் சாமியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கருடனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கே இப்போது நரை வந்துவிட்டது. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது நான் அதையே கேட்பேன். “ஏன்க்கா, எங் கையில கொழந்தையா இருக்கச்சொல்ல அவ மூஞ்சி எப்டிக்கா இருந்திச்சி?”

“எத்தினி வாட்டிடி சொல்றது” என்று அலுத்துக்கொண்டே அக்கா முதலிலிருந்து சொல்லுவாள்.