தார்ப்பாயும் தாய்த் திமிங்கலமும்

திமிங்கலம் தேடும் தொழிலில் திமிங்கலத்தைப் பார்ப்பது அபூர்வம். திமிங்கலத்தைப் பார்த்ததாகச் சொல்பவர்களைப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போய் நாய்க்கடி வாங்கியவர்கள், பாலிசி பேசப் போய் வாசலிலேயே நின்றவர்கள், வாக்காளர் பட்டியலோடு வெயிலில் அலைந்தவர்கள் எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும். ஆனாலும் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். உங்கள் ஆள் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். என் ஆள் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

ஆரோவில் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை கரையோரம் எந்தத் திமிங்கலம் வருகிறது, எங்கே தங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று விசாரித்து வைக்க வேண்டும். முக்கியமாகக் கூன்முதுகுத் திமிங்கலம். குளிர்ந்த கடல்களில் தின்று கொழுத்துவிட்டு, குட்டி போட வெதுவெதுப்பான கரையைத் தேடி வரும் சாதி அது. நம் பக்கம் அது வருமா என்பதே பெரிய கேள்வி. என் பெயர் நஸீமா. ஊரில் அந்தப் பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். "திமிங்கலக்காரம்மா வீடு" என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

முழுப் படம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு பளபளப்பான அட்டை கொடுத்தார்கள். தலையிலிருந்து வால் வரை முழுத் திமிங்கலம், நீல நிறப் பின்னணியில், பாடப் புத்தகத்தில் இருக்குமே அந்த மாதிரி. அதைத் தூக்கிக்கொண்டு மீன் ஏலம் போடும் இடங்களில் எல்லாம் நின்றேன். "இதைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால் ஒருவர் விடாமல் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு மாதம் அலைந்தும் ஒரு 'ஆமாம்' கிடைக்கவில்லை. இந்தக் கடலில் திமிங்கலமே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அனுமந்தையில் ஆரோக்கியசாமி அண்ணன் என்று ஒருவர். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம். அவர் என் அட்டையை வாங்கி, பக்கத்தில் கிடந்த மீன் கூடையின் மூடியால் முக்கால் படத்தை மறைத்தார். மேலே முதுகு மட்டும் ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அட, இதுவா!" என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் சொன்னது: "ஏம்மா, கட்டுன பொண்டாட்டியே முழுசா புரியல. கடல்ல இருக்கறது முழுசா தெரியுமா?"

உப்பளத்து அழைப்பு

அதற்குப் பிறகு முதுகு, பீய்ச்சும் மூச்சு, வெள்ளைத் துடுப்பு, வால் என்று தனித்தனியாகப் படம் போட்டு, கீழே என் போன் நம்பரையும் போட்டு எல்லா ஊரிலும் ஒட்டினோம். முதலில் கூப்பிட்டவள் செல்வி. உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. வீடு கடலைப் பார்த்தபடி, அனுமந்தைக்குப் பக்கத்துக் குப்பத்தில். "மேடம், உடனே வாங்க. கறுப்பா, பெருசா, மேல எழும்புது, கீழ போவுது" என்றாள். கேமராவை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட் போடக்கூட மறந்து, ஸ்கூட்டியில் பறந்தேன்.

அலைகளுக்கு அப்பால் ஒன்று உப்பியது, அமுங்கியது, மறுபடி உப்பியது. படகு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், உப்புக் குவியலை மூடும் தார்ப்பாய். காற்றில் பறந்து கடலில் விழுந்து, உள்ளே காற்றை வைத்துக்கொண்டு சொகுசாக மிதக்கிறது. கோபத்தை அடக்கிக்கொண்டு கரைக்கு வந்தேன். செல்வி கொஞ்சம்கூட அசரவில்லை. "தார்ப்பாயா இருந்தா இன்னாங்க? நாளைக்கு நிஜமாவே வந்தா நான்தான போன் பண்ணணும். பண்ணட்டா, வேணாவா?"

மறு அழைப்பு

பண்ணினாள். நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்த மாசி மாதம் அது. விடியுமுன் சஹர் உணவு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்திருந்தேன். செல்வியின் பெயரைத் திரையில் பார்த்ததும், "எந்த உப்பளத்துத் தார்ப்பாயோ" என்று முனகிக்கொண்டுதான் எடுத்தேன். அந்தப் பக்கம் அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"மேடம், இந்தத் தபா தார்ப்பாய் மூச்சு வுடுதுங்க. பக்கத்துல குட்டித் தார்ப்பாய் ஒண்ணும் வுடுது."

ஆழமில்லாத தண்ணீர்

போய்ப் பார்த்தேன். பெரிய மூச்சு ஒன்று, புதர் மாதிரி பரந்து எழுந்தது. அது அடங்கிய பின் சின்ன மூச்சு ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. குட்டிக்கு நுரையீரல் சிறியது, அடிக்கடி மேலே வரும். தாய் கீழேயே கிடந்து நிதானமாக வருவாள். ஒரு தடவை நீளமான வெள்ளைத் துடுப்பு தண்ணீருக்கு மேல் எழுந்து விழுந்தது. கூன்முதுகேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

கலங்கிய கண்ணைத் துடைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்ற கூன்முதுகுகள் ஆழத்துக்குப் போகாமல் கரையோரமே ஊர்ந்துகொண்டிருக்கும். ஆழத்தில் ஆண்கள் பாடிக்கொண்டும் முட்டிக்கொண்டும் பெண்ணைத் துரத்தும். குட்டிக்கு அங்கே பாதுகாப்பில்லை. ஆகவே மூன்று நான்கு பாகம் ஆழத்தில், ஒருவர் மேல் ஒருவர் நின்றால் மூன்று நான்கு ஆள் முங்கும் தண்ணீரில், தாயும் பிள்ளையும் படுத்தும் நகர்ந்தும் பொழுதைப் போக்கும். நம் கரையில் அந்தத் தண்ணீர் முழுக்க வலை. குட்டி ஒரு தடவை சுற்றிக்கொண்டால் மூச்சுக்கு மேலே வர முடியாது. வலையும் போகும், பிள்ளையும் போகும். ஆரோக்கியசாமி அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "என் வலை அந்தத் தண்ணியிலதாம்மா கெடக்குது."

எத்தனை நாள்?

அன்றைக்கே ஊர்க்கூட்டம். நான் அரசாங்கமில்லை, உத்தரவு போட முடியாது. கெஞ்சத்தான் முடியும். ஊருக்கு நேரே உள்ள ஆழமில்லாத தண்ணீரை அவற்றுக்கு விட்டுவிட்டு, வலையை வெளியே தள்ளிப் போடுங்கள் என்று கேட்டேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "எத்தினி நாளு?" தெரியாது என்றேன். குட்டி தேறும் வரை இருக்கும், நாளைக்கே போனாலும் போகும். "ஒரு கணக்கு சொல்லும்மா" என்றார் ஒருவர். "படிச்சவங்க, உங்களுக்கே தெரியாதா?" என்றார் இன்னொருவர். கேள்வி சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. கூட்டம் கலைய ஆரம்பித்தது. காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் மனைவி பிலோமினா அக்கா மீன் விற்கிறவர். ஓரமாகக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவர், நிமிராமலே பேசினார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "பிள்ள பெத்துக்க வந்த பொண்ண, எத்தினி நாள் இருப்பன்னு எந்த ஊட்லயாவது கேப்பாங்களா?"

வால் எங்கே?

அலுவலகத்தில் எங்கள் சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அவருக்கு வால் வேண்டும். கூன்முதுகின் வாலுக்கு அடிப்பக்கம் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. நமக்குக் கைரேகை மாதிரி. வால் படம் இருந்தால் இந்தத் தாய் வேறு எந்தக் கடலில் தென்பட்டவள் என்று தேடலாம். சிக்கல் என்னவென்றால், ஆழமாக முங்கும்போதுதான் அது வாலைத் தூக்கும். கரையோரம் பிள்ளையோடு படுத்திருப்பவள் எதற்குத் தூக்குவாள்?

ஒரு நாள் அண்ணனின் படகில் தூரமாகப் போய் நின்றோம். இன்னும் கொஞ்சம் நெருங்கலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், தாய் நகர்ந்து எங்களுக்கும் குட்டிக்கும் நடுவே வந்து கிடந்தது. அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டார். பெற்றவள் கதவைச் சாத்தியபிறகு எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்கும் தோன்றியது. சாரிடமிருந்து மெசேஜ்: "வால்?" நான் பதில் போட்டேன்: "தூங்குது சார்." உடனே வந்தது அவர் பதில்: "தூங்குற திமிங்கலத்துக்கும் வால் இருக்குமே, நஸீமா."

நோன்புக் கஞ்சி

படகும் டீசலும் கொடுத்து உதவும் அண்ணன் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி அனுப்ப அம்மாவிடம் சொன்னேன். தவக்காலத்தில் அவர்கள் கறி சாப்பிட மாட்டார்கள் என்பதால் அம்மா அவர்களுக்கென்று கறி போடாமல் தனியாகக் காய்ச்சினார். கிண்டிக்கொண்டே திமிங்கலத்தைப் பற்றி விசாரித்தார். குட்டி போட வந்த இடத்தில் பொதுவாகத் தாய் எதுவும் தின்னாது, மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும் என்று சொன்னேன்.

அம்மா கரண்டியை நிறுத்திவிட்டார். முகத்தில் நிஜமான வருத்தம். "அல்லாவே! பால் குடுக்கற தாய்க்கு நோன்பு கடமையில்லன்னு அதுக்கு எடுத்துச் சொல்ல அங்க யாருமே இல்லியா?"

வாசலில் வலை

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஊர் பேச்சு மாறவில்லை. கரையோரத் தண்ணீரில் ஒரு வலை விழவில்லை. குட்டி தாயின் முதுகில் ஏறிச் சறுக்கும் அளவுக்குத் தேறிவிட்டது. ஒரு நாள் விடிந்து, போட்ட வலையை எடுக்கும் நேரம். நான் அண்ணனின் படகில் இருந்தேன். செல்வி கூப்பிட்டாள். "மேடம், ரெண்டு தார்ப்பாயும் வெளிய போவுதுங்க. உங்க பக்கம்தான்."

எங்கள் பக்கம் என்றால் வலைப் பக்கம். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. தங்குவதற்கு இடம் விட்டோமே தவிர, கிளம்பிப் போக வழி விடவில்லை. ஊருக்கு நேரே வெளியே தள்ளிப் போடச் சொன்ன வலைகளெல்லாம் சுவர் மாதிரி வரிசையாகக் கிடந்தன. அண்ணன் போனில் பக்கத்துப் படகுகளைக் கத்திக் கூப்பிட்டார். "நடுவுல இருக்கற வலைய தூக்குங்கடா! மீனைக் கழட்டாதீங்க, அப்பிடியே தூக்குங்க!" அவரும் இழுத்தார், கூட இருந்த இரண்டு பேரும் இழுத்தார்கள். கேமராவைப் பையில் போட்டுவிட்டு நானும் இழுத்தேன். நோன்பு வயிறு, வறண்ட நாக்கு, கையெல்லாம் நைலான் அறுத்தது. மீனும் பாசியுமாக வலை படகில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. இந்தப் பக்கம் பெரிய மூச்சு கேட்டது. பிறகு சின்ன மூச்சு, மிக அருகில். அந்தக் குட்டி வலையில் முட்டிவிடுமோ என்று இன்னும் வேகமாக இழுத்தேன்.

கடைசித் துண்டு வலை மேலே வரும்போது இரண்டும் இடைவெளியில் நுழைந்தன. பிள்ளை உள்பக்கம், தாய் வலை இருந்த பக்கம். தாண்டி, தண்ணீர் கறுக்கும் இடம் வந்ததும் தாயின் முதுகு வளைந்தது. வால் எழுந்தது. முழு வால், அடிப்பக்கம் எங்களைப் பார்த்தபடி, கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று, நீர் சொட்டச் சொட்ட. என் இரண்டு கையிலும் வலை. விட்டால் அது திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். பார்த்துக்கொண்டே நின்றேன். வால் மெதுவாக இறங்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடி இரண்டு மூச்சு, பெரிதும் சிறிதும். அப்புறம் வெறும் கடல்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிக்கிக் கிடந்த வலையைப் பார்த்தார் அண்ணன். பிரித்து முடிக்க அன்று பொழுது போதாது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "உடு, தாய்வூட்லேர்ந்து பொண்ணு கெளம்பற அன்னிக்கு ஊட்ல எவன் ஒழுங்கா வேல பாத்திருக்கான்?" என்றார்.

ஆதாரம்

சாரிடம் நடந்ததைச் சொன்னேன். குட்டி தப்பியது என்றதும் மனுஷன் உண்மையாகவே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என் கையில் இருந்த நைலான் காயத்துக்கு மருந்து எடுத்துக் கொடுத்தார். வால் என்றதும் குரல் தாழ்ந்தது. கோலம் எப்படி இருந்தது என்று கேட்டார். வரைந்து காட்டினேன். அண்ணனையும் கேட்டு வரையச் சொன்னார். இரண்டும் இரண்டு மாதிரி இருந்தன. இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சார் சொன்னார்: "அடுத்த தடவை வந்தா, ஒரு கையாலயாவது வலையை விடும்மா."

கை சும்மா இருக்கும்போது தார்ப்பாய் வரும், வால் வரும்போது கையில் வலை இருக்கும் என்பதே இந்த உத்தியோகத்தில் நான் கண்டது.