என் மார்க்கை அவள் கொடுத்தாள்

பொறாமை கெட்ட குணம் என்று சொல்கிறவர்கள் யாரும் குரூப் பிராஜெக்ட் செய்திருக்க மாட்டார்கள். நான் செய்திருக்கிறேன். சேலத்தில் பி.காம். கடைசி வருடம். நாலு பெண்கள் ஒரு குரூப். அதில் நானும் அவளும் மலைமேலிருந்து வருகிறவர்கள். நான் வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் நின்றபடியே இறங்கி வருவேன். அவள் அப்பாவுக்கு ஏற்காட்டில் லாட்ஜ். அவள் காரில் வருவாள். தலை கலையாமல் ஒருத்தி கல்லூரி வாசலில் வந்து இறங்குவதைத் தினமும் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

மலைக் கிராமங்களில் மிளகை யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதுதான் எங்கள் பிராஜெக்ட். மாரமங்கலம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தது நான். நாய் துரத்தியது, செருப்பு அறுந்தது. ஒரு வீட்டில், "கேள்வி கெடக்கட்டும் சாமி, மொதல்ல ஒக்காந்து ஒரு வாய் களி தின்னு" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவள் ஒரே ஒரு நாள் காரில் வந்தாள். மிளகுக் கொடியைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். முதல் ஸ்லைடில் வந்தது அந்தப் போட்டோதான். மேடையில் இங்கிலீஷில் பேசியதும் அவள்தான். நன்றாகவே பேசினாள், பாழாய்ப் போனவள். நான் மூலையில் நின்று ஸ்லைடு தள்ளிக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு பேரும் சேலத்துப் பிள்ளைகள். பைண்டிங் போட்டுக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் மேடம் மார்க் போடும் விதமே வேறு. குரூப்புக்கு மொத்தமாக ஒரு மார்க் சொல்லிவிடுவார். "அம்பத்தாறு. ஆளுக்கு இருபதுக்கு மேல போகக் கூடாது. யார் எவ்வளவு செஞ்சீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே பிரிச்சுக்குங்க. நாளைக்கு எழுதிக் குடுங்க" என்றார். சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினாலு. எனக்குப் பதினெட்டு வேண்டும். மழையில் எங்கள் ஊர்ப் பாதை சரிந்து பஸ் வராத அன்று நடந்த டெஸ்டில் எனக்கு முட்டை. மறு டெஸ்ட் கிடையாது என்றுவிட்டார்கள். பதினெட்டுக்குக் குறைந்தால் இன்டர்னலில் பெயில்தான்.

என் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். சாயந்தரம் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் ஒவ்வொருத்தர் மூட்டையையும் தனித்தனியாகத்தான் எடை போடுவார். நாலு பேர் பறித்ததை ஒன்றாகக் கொட்டி, பிரிச்சுக்குங்க என்று சொன்னால் அங்கே அடிதடிதான் நடக்கும். நானும் அடிதடிக்குத் தயாராகத்தான் மறுநாள் போனேன். எத்தனை வீடு ஏறினேன், அவள் எத்தனை வீடு ஏறினாள் என்று பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கேன்டீனில் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இவளுக்கு டெஸ்ட் போச்சில்லடி, பாவம். என்னுதுல நாலு இவளுக்குப் போட்டுருங்க. எனக்குப் பத்து போதும்." சொல்லிவிட்டு பஃப்ஸைக் கடித்தாள்.

பாவமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது பாவத்துக்கு இல்ல, நான் செஞ்ச வேலைக்கு" என்றேன்.

"அட, எதுக்கா இருந்தா என்னடி? மார்க்கு வந்தாச் செரி" என்று சிரித்தாள். மற்ற இருவரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சண்டைக்குப் போனவளுக்குச் சண்டைகூடக் கிடைக்கவில்லை.

மேடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்தினார். "தன் மார்க்க விட்டுக் குடுக்கற மனசு யாருக்கும்மா வரும்?" ஒரே கைதட்டல். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் நன்றி கெட்டவள் என்பார்களே. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவளுக்குப் பாராட்டு. அந்தத் தேங்காய் என் கடையுடையது என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டில் சொன்னபோது அம்மாவும், "நொம்ப நல்ல புள்ளையாட்ட இருக்குது. ஒரு நா ஊட்டுக்குக் கூட்டியா கண்ணு" என்றார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். கார் மேலும் இங்கிலீஷ் மேலும் இருந்த பொறாமையெல்லாம் அன்றைக்குச் சின்னதாகிப் போனது. நாலு மார்க்கைப் பஃப்ஸ் தூளைத் தட்டிவிடுகிற மாதிரி அவளால் தட்டிவிட முடிந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த நாலு போனாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது நானே மார்க் போடுகிற மேடம். குரூப் பிராஜெக்ட் என்றாலும் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டுத்தான் போடுவேன். போன மாதம், மார்க் சொல்வதற்கு முன்னால் ஒரு பெண் எழுந்து நின்றாள். "மேடம், எனக்குக் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்லீங்க. என்னுதுல இருந்து இவளுக்குக் குடுத்துருங்க, பாவம்ங்க." பக்கத்திலிருந்தவள் தலையைக் குனிந்து பை வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒக்காரு கண்ணு. அவ வேலைக்கு உண்டான மார்க்க அவளே வாங்கியிருக்கா. நீ குடுக்கறதுக்கு அதுல ஒண்ணுமில்ல" என்றேன்.

குனிந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஒருத்தரும் இல்லையே.